இரண்டாவது இருக்கை

திரையில் ஒரு விரல் நடந்துகொண்டிருந்தது.

விரல் தெரியாது. அது தொட்ட இடத்தில் ஒரு மஞ்சள் வட்டம் மலரும், அணையும். ஆள் யார், பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. பெயர் எழுதும் இடத்தில் வெறும் நட்சத்திரங்கள்.

பஸ் டிக்கெட் விற்கும் செயலி. வந்தவர்கள் ஏன் வாங்காமல் போகிறார்கள் என்று பார்ப்பதற்காக, அவர்கள் தடவியதையும் தட்டியதையும் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அந்தக் குழுவுக்கு அவன்தான் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டம்.

"இந்த ஆளப் பாருங்க," என்றாள் ஜெசிந்தா. "வாராவாரம் வர்றாரு. வாங்கறதே இல்ல."

சென்னை. பட்டுக்கோட்டை.

விரல் வலது கீழ் மூலையை நெருங்கியது. தயங்கியது. சுற்றிக்கொண்டு போய்ப் பொத்தானின் இடது ஓரத்தைத் தட்டியது.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அந்த மூலையில் கண்ணாடி உடைந்திருக்கிறது. பதிவில் அது தெரியாது. அவனுக்குத் தெரியும்.

மனைவி விட்டுப்போன பழைய போன் அது; இப்போது அவன் பையில் இருப்பது. அலுவலகத்தார் போன்கள் பதிவில் வராதபடி தடுத்து வைத்தவனே அவன்தான். இதைச் சேர்க்கவில்லை. யாருடையது என்று சொல்லிச் சேர்ப்பது?

போக ஓர் இருக்கை.

திரும்பி வர இரண்டு.

"போறப்ப ஒண்ணு, வர்றப்ப ரெண்டா?" பரூக் சிரித்தான். "பொண்ணு பாக்கப் போயி கையோட கூட்டிட்டு வந்துருவாரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் கேட்பார்களே.

விரல் ஒரு ஜன்னலோரத்தைத் தொட்டது. விட்டது. சக்கரத்துக்கு மேலே வராத இன்னொரு ஜன்னலோரத்தைத் தேடி எடுத்தது. சக்கரத்தின் மேல் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும்.

பெண் என்று தட்டியதும் இருக்கை இளஞ்சிவப்பானது.

பெயர்?

நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அழிந்தன.

மறுபடி வந்தன. மறுபடி அழிந்தன.

பிறகு வட்டம் வரவே இல்லை. திரை சும்மா நின்றது. அந்த நேரத்தில் அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் அவள் செருப்பு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதெல்லாம் பதிவாகாது.

சென்னையில் வேலை கிடைத்ததும் அவளைக் கேட்காமலே வீடு பார்த்தான். கேட்காமலே நாளும் குறித்தான். சாவியை அவள் கையில் வைத்தபோது, சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தான். அவள் பால் காய்ச்சினாள். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். சில மாதம் இருந்தும் பார்த்தாள்.

பட்டுக்கோட்டைக்குக் கிளம்பும்போது, போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை.

போறேன் என்றாள்.

"பேர் பெட்டிதான் பிரச்சனை," என்றான் பரூக். "ரெண்டாவது ஆளோட பேரெல்லாம் எதுக்கு நமக்கு? தூக்கிரலாமா?"

"வேணாம்."

சத்தம் கூடிவிட்டது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

ஜெசிந்தா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பெட்டி மேல ஒண்ணும் குத்தமில்ல பரூக். அந்தம்மாவ வர்றியான்னு கேட்டிருக்க மாட்டாரு இவரு. கேக்காம சீட்டப் போட்டா கை எப்படி ஓடும், பாவம்."

அடுத்த பதிவு ஓடத் தொடங்கியது. வேறு யாரோ. வேறு ஊர்.

கூட்டம் முடிந்ததும் அவன் மாடிப்படிக்குப் போனான். யாரும் ஏறாத படி. பையின் அடியிலிருந்து அந்த போனை எடுத்தான்.

இன்றிரவு. பட்டுக்கோட்டை. ஓர் இருக்கை.

தன் பெயரை எழுதினான். அழிக்கவில்லை.

திரும்பும் தேதி?

அந்தக் கேள்வியை அங்கே வைக்கச் சொன்னவனும் அவன்தான். எத்தனையோ வெள்ளிக்கிழமை, கேட்டவுடன் ஞாயிறு என்று சொன்னவன். ஞாயிறு, இரண்டு பேர்.

யாராவது இந்தப் பதிவையும் போட்டுப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

விரல் அந்தப் பெட்டியின் மேல் கொஞ்சம் நின்றது. பிறகு அதை அப்படியே காலியாக விட்டுவிட்டு, உடைந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போய், பணம் செலுத்து என்ற இடத்தைத் தட்டியது.