மடிப்பு எந்தப் பக்கம்

மூன்றாவது தாளும் இரண்டு துண்டாகப் போனது.

அவள் கத்தரிக்கோலை மேசையில் எறிந்தாள்.

சிவப்புத் தாளை மடிக்க வேண்டும். மடிப்பை ஒட்டி ஒரு சீன எழுத்தின் பாதியை வரைய வேண்டும். வெட்டிப் பிரித்தால் முழு எழுத்து வர வேண்டும். வசந்தம் என்று பொருளாம். சீனப் புத்தாண்டுக்குக் கதவில் ஒட்டினால் அதிர்ஷ்டம் வருமாம்.

அது வருவதற்குள் அவள் உயிர் போய்விடும்.

பினாங்கின் தொழிற்சாலை ஒன்றில், பகலெல்லாம் பூதக்கண்ணாடிக்கு அடியில் முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிறவள் அவள். ஒரு காகிதம் அவளுக்கு அடங்க மாட்டேன் என்கிறது.

செய்முறை பக்கத்திலேயே கிடந்தது. லாவ்ஷி கொடுத்தனுப்பியது. டீச்சரை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். ஒரு பக்கம் முழுக்கச் சீனம். பேருக்கு ஒரு படம்கூட இல்லை. எரிச்சலாக வந்தது.

எதிரில் மகள் லோஷினி. எட்டு வயது. சீனப் பள்ளி வேண்டாம் என்று மாமியார் வீட்டில் எத்தனை சொன்னார்கள்! என் பிள்ளை மூன்று மொழி பேசுவாள் என்று ஒற்றைக் காலில் நின்றது இவள்தான். இன்று, நீ வெட்டினால் கோணலாகிவிடும் என்று தாளைப் பிடுங்கிக்கொண்டதும் இவள்தான்.

நாளைக் காலை கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு தாள் மிச்சம்.

மடித்தாள். வரைந்தாள். கத்தரிக்கோலைத் தாளில் வைத்தாள்.

“மடிப்பு அந்தப் பக்கம்! எத்தன தடவ சொல்றது? மண்டைல மூளையே இல்லையா?”

ஒரு கணம் லோஷினியின் வாயில் வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் தலைக்கேறியது. கையை ஓங்கிவிட்டாள்.

“இப்படிப் பேச யாருடி கத்துக்குடுத்தா உனக்கு?”

லோஷினி விழித்தாள். என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை.

“லாவ்ஷி எனக்கு இப்படித்தாம்மா சொல்லிக்கொடுப்பாங்க.”

புகார் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

ஓங்கிய கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மெல்ல இறக்கிக்கொண்டாள்.

“இந்த வாரத்துல எத்தன தடவ அப்படிச் சொன்னாங்க?”

லோஷினி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

ஒரு கை முடிந்தது.

அடுத்த கையை மகள் தூக்கியபோது அவள் அந்த விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மேற்கொண்டு எண்ண விடவில்லை.