அங்கம்மாவின் மனு

1931 இலங்கைத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் வாக்குப்பெட்டி. எங்கள் வத்தேகமத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் பச்சையில்தான் போட வேண்டுமென்று, ஆட்களை வேலைவாங்கும் பெரிய கங்காணி உத்தரவிட்டார். கொழுந்து பறிக்கும் அங்கம்மா சிவப்பில் போட்டாள். சிவப்பு வென்ற மகிழ்ச்சியில் அதை வெளியே சொல்லியும் விட்டாள். மறுநாளே வேலை போயிற்று.

"வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே?" என்றேன், தோட்டத்துப் பள்ளி வாத்தியாரான நான், அவளுக்காக மனு எழுத உட்கார்ந்தபடி.

"துரை ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணுன்னு அந்தச் சிவப்புப் பெட்டி ஐயாதானே நம்ம லயத்து வீடுகளுக்கு வந்து சொன்னாரு! அவருக்கே எழுதுங்க. கைவிட மாட்டாரு."

பத்தாம் நாள் அந்த ஐயாவின் பதில் வந்தது. படித்துக் காட்டினேன்.

"உமது மனுவுக்கு நன்றி. அதை அரசாங்க சபையில் வாசித்தேன். தோட்டத்து ஆட்கள் கங்காணிக்கு அடங்கியவர்கள், அவர்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற என் பிரேரணைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது."