கோமாளி மீன் தொட்டி

மீன் காட்சியகத்தில் அன்று பெண் மீன்களுக்கும் பெண் ஊழியர்களுக்கும் பாராட்டு விழா. தீனி போடும் அம்மாள் கோமாளி மீன் தொட்டியில் ‘பெண்’ என்று அட்டை ஒட்டினாள்.

“இது ஆம்பளதானேம்மா?” என்றார், தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்காரர்.

“ஜோடி செத்துப்போச்சேண்ணே! இந்த மீன்ல பொண்ணு போயிட்டா ஆணே பொண்ணா மாறிடும்.”

“நல்ல கூத்து!” என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

விழாவில் மேலாளர் பெண் ஊழியர்களின் பெயர்களை வாசித்தார். கடைசியாக வந்தது மோட்டார்காரரின் பெயர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“கேலி பண்றதுக்கு நான்தான் கெடச்சேனா?” என்று எழுந்தவரை அம்மாள் வழிமறித்தாள்.

“நான்தாண்ணே எழுதிக் கொடுத்தேன். அண்ணி போனதுலேருந்து பாப்பாவுக்குத் தாயும் நீங்கதானே?”

சிரிப்பு அடங்கியது. கண்ணைத் துடைக்கச் சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினார். கையோடு வந்தது, காலையில் மகளின் இரண்டாவது சடைக்குக் கட்ட மறந்த ரிப்பன்.