நிலாணியின் பங்கு

"அண்ணை, நீங்கள் ஒரு மனுசனோ?"

லோயரின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த தங்கை பேபி கதிரையில்கூட இருக்கவில்லை. ஸ்ரௌவ்வில் வீட்டில் இருந்து மில்லிக்கனில் இருக்கிற இந்த அலுவலகம் வரைக்கும் காருக்குள் தனியாகத் திட்டிக்கொண்டே வந்தவள்.

காலையில் அண்ணன் இராஜரட்ணம் போனில் சொன்ன கதை அப்படி. உயில் எழுதவில்லையாம். வீட்டை ட்ரஸ்ற்றில், இன்னொருவர் பொறுப்பில், போடுகிறாராம். மகள் நிலாணியின் பேரில் ஒரு சதமும் இல்லையாம்.

நிலாணிக்கு முப்பது தாண்டிவிட்டது. பேச்சு இல்லை. சோறு வாயில் தீத்திவிட வேண்டும். தாயும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பேபி போனால்தான் நகம் வெட்டவே கை நீட்டுவாள்.

"வாயில்லாப் பிள்ளை, கேள்வி கேக்காது எண்டு துணிஞ்சிட்டியள், என்ன? உயில் எண்டாலாவது கோட்டுக்குப் போகும், நாலு பேர் பாப்பினம். அதையும் அடைச்சுப்போட்டு எல்லாத்தையும் மகனுக்குச் சுருட்டிக் குடுக்கப் போறியளோ?"

மீன்கடையில் ஒரு பாரை மீனுக்கு அரைமணித்தியாலம் பேரம் பேசுகிற இராஜரட்ணம் குனிந்து மேசையில் கிடந்த பேனையை உருட்டினார்.

லோயர் கஜனிதான் சொன்னாள்.

"அன்ரி, நிலாணியின்ர பேரில சொத்து வந்தால் அரசாங்கம் குடுக்கிற உதவிக்காசு நிண்டுபோம். மருந்துச் சலுகையும் போம். அதாலதான் ட்ரஸ்ற். அங்கிள் இருக்கும்வரை எல்லாம் அவற்ற கையில. பிறகு ட்ரஸ்ற்றுக்குப் போட்ட பொறுப்பாளர் அதில இருந்து எடுத்து நிலாணிக்குச் செய்யலாம். உயில் எண்டால் கோட்டு அனுமதி வரும்வரை எல்லாம் மாதக்கணக்கில முடங்கிக் கிடக்கும். அவ்வளவு நாளும் பிள்ளையை ஆர் பாக்கிறது?"

பேபியின் கோபம் இறங்கியது. பயம் ஏறியது.

"செய்யலாமோ? செய்யவேணுமோ?"

"செய்யலாம். கட்டாயம் எண்டு எழுதினால் அது நிலாணியின்ர சொத்தாய்ப் போயிடும். எல்லாம் பொறுப்பாளற்ற மனச்சாட்சிதான் அன்ரி."

"அப்ப, மிசிசாகாவில இருக்கிற உங்கட மகன் பிரியந்தனோ பொறுப்பாளர்?"

இராஜரட்ணம் இப்போதுதான் நிமிர்ந்தார்.

"உன்ர தங்கச்சிக்கு ஒண்டுமில்லையடா எண்டு அவனிட்டையும் சொன்னனான். உன்னட்டைச் சொன்ன மாதிரியேதான்."

"என்ன சொன்னவன்?"

"'நீங்கள் செய்தால் சரியாத்தான் இருக்கும், அப்பா' எண்டான். மருமகள் உடன தேத்தண்ணி ஊத்தித் தந்தா."

மேசையில் கிடந்த பேனையை எடுத்துத் தங்கையின் பக்கம் நீட்டினார்.

"நீ ஒருத்திதான் சண்டைக்கு வந்தனி. கதிரையில இரு. பொறுப்பாளர் எண்ட இடத்தில கையெழுத்தை வை."