ஏழாவது குண்டு

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் பெண்மணி விமானத்தின் அருகே குனிந்ததுமே, பெயிண்டர் மெல்ல ஓர் எட்டு பின்னால் நகர்ந்துகொண்டார்.

நாளைக்குத் திறப்பு விழா. ஐம்பது வருடம் ஏரிச் சேற்றில் புதைந்து கிடந்த போர் விமானம் அது. மீன் வலை சிக்கியதில் அகப்பட்டு, கிரேனில் ஏறி, மூன்று வருடம் அருங்காட்சியகக் கொட்டகையில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, இப்போதுதான் பார்க்கும்படி ஆகியிருந்தது. அந்த விமானத்தோடு மூழ்கிப்போன விமானியின் ஒரே மகள் இந்தப் பெண்மணி. அப்பா போனபோது நான்கு வயது.

விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே சின்னச் சின்னதாக வெள்ளைக் குண்டுகள் வரிசையாக வரையப்பட்டிருந்தன. அவர் விரல் வைத்து எண்ணினார்.

"ஏழு."

"ஆமாங்க," என்றார் காப்பாட்சியர். "குண்டு போட்டுட்டுத் திரும்பி வர்ற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு வரைவாங்க. ஏழும் அசல். ஒரு சொட்டு புதுப் பெயிண்ட் கிடையாது. நம்ம பெயிண்டரையே கேளுங்க."

அந்தப் பெண்மணி பெயிண்டரை நிமிர்ந்து பார்த்தார். "ஏழாவதும் இப்படித்தான் முழுசா இருந்துச்சா?"

"ஆமாம்மா."

அந்த முகம் அப்படியே சுண்டிப்போயிற்று. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

'கண்டுபிடித்துவிட்டார்' என்று நினைத்தார் பெயிண்டர்.

போன வருடம் நடந்தது அது. சேற்றை மரச் சுரண்டியால்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். குண்டு வரிசை இருந்த இடத்தில் மட்டும் சேறு கல்லாக இறுகிக் கிடக்க, பொறுமை கெட்டுப்போய் இரும்புத் தகட்டை எடுத்தார். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தால், ஆறு குண்டுகள் பத்திரமாக இருந்தன. ஏழாவதன் மேல் மட்டும் அடுத்தடுத்துப் பதினைந்து கீறல். கீறலுக்குள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கையிலோ இரும்புத் தகடு. வேறு யாரைச் சொல்வது?

பல் துலக்கும் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தெடுத்து, கீறலை அடைத்து, மற்ற ஆறையும் பார்த்து அச்சு அசலாக ஒரு குண்டை வரைந்துவிட்டார். இருபது வருடம் லாரிகளுக்குப் பெயர் எழுதிய கை, காப்பாட்சியரையே ஏமாற்றிவிட்டது. மனசைத்தான் ஏமாற்ற முடியவில்லை. "தூக்கத்துல எதையோ சுரண்டிக்கிட்டே இருக்கீங்க, விரிப்பு கிழியப் போகுது," என்று மனைவி கூடச் சொல்லிவிட்டாள்.

'புதுப் பெயிண்ட் கிடையாது' என்று காப்பாட்சியர் ஒவ்வொரு முறை பெருமையடிக்கும்போதும் பெயிண்டரின் தலை தானாகத் தொங்கிவிடும். இன்றைக்கு, செத்தவரின் மகளிடமே வாய் கூசாமல் பொய் சொல்லியாயிற்று.

வெளியே சிமெண்ட் பெஞ்சில் அந்தப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. பெயிண்டர் எதிரே போய் நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அம்மா, நான் உள்ள சொன்னது பொய். ஏழாவது குண்டு நான் போட்டது. சேறு எடுக்கும்போது இரும்புத் தகட்டால சுரண்டிக் கெடுத்துட்டேன். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டேன். உங்க அப்பாவோட பொருள நான் பாழாக்கிட்டேன். நாளைக்கு மேடையிலயே சொல்லிடறேன்."

அவர் விருட்டென்று எழுந்தார். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது பெயிண்டருக்கு.

"நீங்க பாக்கும்போது அது எப்படி இருந்துச்சு? சரியா சொல்லுங்க."

"அடுத்தடுத்துக் கீறலும்மா. ஒரே பக்கமா இழுத்த மாதிரி. குண்டோட வால் மட்டும்தான் மிச்சம்."

"வால் மட்டும்தானா?"

"ஆமாம்மா. சத்தியமா."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கைப்பையைத் திறந்து, மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோன ஒரு கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா கடைசியா எழுதினது. பட்டாளத்த ஏத்திக்கிட்டுப் போற படகுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. போட்டுட்டு வந்த அப்புறம்தான் தெரிஞ்சிருக்கு, அதுல போனது சந்தைக்குப் போன சனங்க. பொம்பளைங்க, கொழந்தைங்க." கடிதத்தின் மடிப்பை விரலால் நீவிவிட்டார். "அம்மா சாகற வரைக்கும் இதத் தலையணைக்குக் கீழ வெச்சிருந்தாங்க. இப்போ உள்ள ஏழையும் முழுசா பாத்ததும், அம்மாவச் சமாதானப்படுத்த அப்பா பொய் எழுதிட்டாருன்னு நெனச்சு எனக்கு உடம்பே கூசிப்போச்சு."

பெயிண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படி என்னம்மா எழுதியிருந்தாரு?"

"ஏழாவத நானே கத்தியால சுரண்டி எடுத்துட்டேன், வால் மட்டும்தான் மிச்சம்னு எழுதியிருந்தாருங்க."