பிளக் பாயிண்ட்

“அந்தக் கருமத்தத் தூக்கி பாத்ரூம்ல வைடா! காரு தெருமுனைக்கு வந்துடுச்சாம்!”

அம்மா மங்கை போட்ட சத்தத்தில் இனியன் பிளக்கைப் பிடுங்கினான். கண்ணாடித் தொட்டிக்குள் கிடந்த மரகதம் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. முழ நீளப் பச்சை இகுவானா. ஊர்க்காரர்கள் வாயில் வெறும் ஓணான். தொட்டியின் அடியில் அவனே ஒட்டி, யூடியூபில் வீடியோவும் போட்ட ஹீட் டேப்தான் அதற்கு உயிர். செஞ்சியின் மார்கழிக் குளிரில் அந்தச் சூடு இல்லையென்றால் மரகதம் இரை எடுக்காது, அப்படியே சுருண்டுவிடும்.

“மழ வேற தூறுது. கரண்டு இல்லாம அது தாங்காதும்மா.”

“நீ ஒண்டிக்கட்டையா நிக்கறத நான் மட்டும் தாங்கறனா? ஓணான் வளர்க்கிற வீட்டுக்குப் பொண்ணு தரமாட்டோம்னு ரெண்டு எடம் தட்டிப் போச்சு. இதுவும் போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!”

முப்பத்தைந்து வயதுக் கம்ப்யூட்டர் வாத்தியாரான இனியன் தொட்டியைத் தூக்கிப் போய் பாத்ரூமில் வைத்து, சாக்கைப் போட்டு மூடினான். சொந்தப் பிள்ளையை ஒளித்து வைக்கிற மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் மூடினான்.

மகள் கலைமதிக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் தளவானூர் இளையபெருமாளும் அவர் மனைவியும். கேசரியைக் கையில் வாங்கிய இளையபெருமாள் மாப்பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

“ராத்திரில இங்க கரண்டு போவுதா தம்பி?”

“எப்பனா போவும்ங்க.”

“இன்வெர்ட்டர் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“பெட்ரூம்ல பிளக் பாயிண்ட்டு எத்தினி?”

மங்கைக்குத் தலைகால் புரியவில்லை. மகனைக் கிள்ளி, “ஏசி வாங்கித் தரப் போறாங்கடா!” என்று கிசுகிசுத்தாள்.

இனியனின் காது முழுக்க பாத்ரூம் பக்கமே இருந்தது. ஈரத் தரையில், சூடில்லாத கண்ணாடியில் அது எப்படிக் கிடக்கிறதோ. இவர்கள் சீக்கிரம் கிளம்பினால் தேவலை என்று கூட நினைத்தான்.

“வீட்டுல பிராணி ஏதாச்சும் வளர்க்கிறீங்களா? கூச்சப்படாம சொல்லுங்க தம்பி.”

இனியனுக்குப் பகீரென்றது. எந்தப் புண்ணியவான் போட்டுக் கொடுத்தானோ! மங்கை கண்ணாலேயே கெஞ்சினாள்.

“சேச்சே! பல்லி, ஓணான் எல்லாம் கண்டாலே எனக்கு அருவருப்புங்க. வாசப்படியே ஏத்த மாட்டேன்.”

கேட்காததற்கும் சேர்த்தே பதில் சொல்லியாயிற்று. சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நான்கு வருடமாகத் தன் தோளில் தூங்கிய உயிரை, ஒரு தட்டு கேசரிக்கு முன்னால் உட்கார்ந்து இல்லையென்று சொல்லிவிட்டான். அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

இளையபெருமாள் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். போன் ஏற்கெனவே லைனில்தான் இருந்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

“கலைமதி, கேட்டியாம்மா?”

“கேட்டேன் நைனா. கெளம்பி வாங்க.”

“ஏம்மா, இன்வெர்ட்டர் எல்லாம் இருக்குதாம்மா...”

“இருந்து இன்னா பண்றது? என் ஓணானுக்கு ராவெல்லாம் சூடு வேணும்னுதான அதெல்லாம் கேக்கச் சொன்னேன். தொட்டிக்கு டேப் ஒட்டறதையே அவரு போட்ட வீடியோவப் பார்த்துதான் நைனா நான் கத்துக்கிட்டேன்.”