ஒன்று பத்துக்கு விழும் பூட்டு

மதியம் ஒன்று பத்து. கணினி மறுபடியும் அதையே சொன்னது: ‘கோப்பு பூட்டப்பட்டுள்ளது. காத்திருக்கவும்.’

எங்கள் மருத்துவமனையின் நோயாளிகள் விவரம் மொத்தமும் ஒரே கோப்பில் இருக்கிறது. வரவேற்பு, பரிசோதனைக்கூடம், மருந்தகம் என்று மூன்று மென்பொருள்கள் அதில் எழுதுகின்றன. மூன்றையும் உருவாக்கிய புண்ணியவான் நான்.

ஒருவர் எழுதும்போது கோப்பு பூட்டிக்கொள்ளும். மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. முடித்ததும் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

யாரோ விடுவதில்லை. தினமும் இதே நேரம், கால் மணி நேரம். நேற்று ஒரு முதியவரின் சர்க்கரை அளவு பதிவாகாமல், மருத்துவர் பழைய அளவை நம்பி ஊசி போடச் சொல்லிவிட்டார். நர்ஸ் கவனித்ததால் முதியவர் தப்பித்தார்.

“யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. நாளையிலேருந்து அவங்க வர வேண்டாம்” என்று இன்று காலை சொல்லிவிட்டார் மேலாளர்.

பரிசோதனைக்கூடத்துக்காரரைச் சந்தேகித்தேன். சாப்பிட்ட கையோடு விசைப்பலகையைத் தொடுகிற ஆள். என்னைக் கண்டதும் திரையை மூடும் வரவேற்பாளரையும் விடவில்லை. காவலாளியைக்கூடப் போன வாரம் இரண்டு நாள் முறைத்தேன். அவரிடம் கணினியே கிடையாது.

அதிகச் சந்தேகம் மருந்தகத்தில் இருப்பவள் மேல்தான். அவளுக்கும் எனக்கும் பதினேழு நாளாகப் பேச்சு கிடையாது. காரணம் மறந்துவிட்டது; கோபத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பூட்டுவது யார், எந்த நோயாளியின் பக்கத்தைத் திறந்து என்று குறித்துவைக்கக் காலையில்தான் நாலு வரி நிரல் சேர்த்திருந்தேன். திறந்து பார்த்தேன்.

மருந்தகம்.

உள்ளுக்குள் ஒரு துள்ளல். மேலாளருக்கு அனுப்பும் செய்தியில் அவள் பெயரை அடித்தே விட்டேன். மருந்துத் திருட்டாகவும் இருந்தால் இன்னும் விசேஷம் என்று பக்கத்தைப் பார்த்தேன்.

நோயாளி எண் ஒன்று. மென்பொருளைச் சோதிக்க முதன்முதலில் நான் பதிந்த ஆள். என் முகம், என் இரத்த அழுத்தம், என் மாத்திரை.

குறிப்புப் பகுதியில் நாளுக்கு ஒன்றாகப் பதினாறு முறை எழுதியிருந்தது: ‘மாத்திரை வாங்க வரவில்லை.’

இன்றைக்கு இன்னும் எழுதவில்லை.

இன்று கணினி முன் உட்கார்ந்துவிட்டேன்; மற்ற நாளெல்லாம் ஒன்று பத்துக்குத்தான் நான் மருந்தக ஜன்னலைத் தாண்டிச் சாப்பிடப் போவேன். கால் மணி நேரத்தில் அதே வழியாகத் திரும்புவேன். ஜன்னலில் நிற்பேனா என்று அதுவரை என் பக்கத்தைத் திறந்துவைத்திருக்கிறாள். பக்கத்தைத் திறந்தாலே, எழுதாவிட்டாலும், மொத்தக் கோப்புக்கும் பூட்டு விழும்படி சோம்பேறித்தனமாகச் செய்துவைத்தவன் நான்.

அவள் பெயரை அழித்தேன். ‘தவறு மென்பொருளில். எழுதியவன் நான்’ என்று அனுப்பிவிட்டு எழுந்தேன்.

ஜன்னலில் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை. மாத்திரை அட்டையை நகர்த்தினாள். ஒரு விசையைத் தட்டினாள்.

“அப்பாடா, பதிவாயிடுச்சு!” என்று பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு கூச்சல்.

“வீட்டுக்கு வரும்போது பால் வாங்கிட்டு வாங்க” என்றாள்.